இரண்டாவது சாட்சி

பதிவு அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக மூன்று கடைகள். நடுக்கடை ஜெராக்ஸ் கடை. அதை நடத்துகிறவளுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் உண்டு. அந்தத் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. சாட்சியக்கா என்றால் டீக்கடைக்காரர் முதல் அதிகாரி வரைக்கும் தெரியும்.

வீடு வாங்க, விற்க, எழுதி வைக்க, பிரித்துக்கொள்ள என்று அந்த அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஞாபகமாகக் கொண்டுவருவார்கள். சாட்சியில்தான் கோட்டை விடுவார்கள். இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் வந்திருப்பார். மற்றவர் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார், அல்லது முந்தின நாள்தான் சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பார். உள்ளே இருக்கும் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதிர்க்கடையில போய் அந்த அக்காவைக் கூட்டிட்டு வாங்க" என்பார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டிய கறுப்புத் தூளைத் துணியில் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வருவாள். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

இரண்டு விஷயத்தில் அவள் கறார். கையெழுத்துக்குக் காசு வாங்க மாட்டாள். கண்ணால் பார்க்காததற்குப் போட மாட்டாள். ஒரு தடவை ஒரு ஆள், அப்பாவுக்கு முடியவில்லை, வெளியே காரில் இருக்கிறார், கையெழுத்து வாங்கிவிட்டோம், நீங்கள் போடுங்கள் என்று அவசரப்படுத்தினான். அவள் நேராகக் காருக்குப் போய்க் கதவைத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்த பெரியவரைத் தட்டி எழுப்பினாள். யாரும்மா நீ என்று அவர் மிரண்டார். "உங்க சாட்சி" என்றாள். பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தன் வீட்டை எந்தப் பிள்ளைக்கு எழுதுகிறோம் என்பதையே அப்போதுதான் முழுதாக வாசித்தார். அன்றைக்கு அந்தப் பத்திரம் பதிவாகவில்லை. மகன் கடைக்கு வந்து கண்டபடி திட்டிவிட்டுப் போனான். அவள் அவன் விட்டுப்போன அடையாள அட்டை நகலை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

கையெழுத்தும் சும்மா கிறுக்கல் இல்லை. முழுப் பெயர், கீழே தேதி, அதற்குக் கீழே விலாசம் கடைசி எண் வரைக்கும். அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் அதிகாரியே அதைக் காட்டி, சாட்சி என்றால் இப்படிப் போட வேண்டும் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதை அவளிடம் வந்து சொன்னவர் பக்கத்துக் கடைப் பத்திர எழுத்தர். கேட்டபோது, அவருக்கு வேறு வேலை இல்லையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் அதை இரண்டு தடவை சொன்னாள்.

புருஷன் வயரிங் வேலைக்காரர். இருபது வருடங்களுக்கு முன்னால், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இரண்டு மாடி வீடு ஒன்று கட்டினார். அதற்கு வயரிங் போட இவர் போனார். ஸ்விட்ச் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று இருவருக்கும் மூன்று நாள் வாக்குவாதம். கடைசியில் நர்ஸம்மா விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தது அவருக்கே பிடித்துப்போயிற்றோ என்னவோ, கீழ்வீட்டுக்கு நீயே குடிவந்துவிடு, ஃப்யூஸ் போனால் நான் யாரைத் தேடி அலைவது என்றார். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். மாடியில் நர்ஸம்மா தனியாகத்தான் இருந்தார். இவர்களுக்கும் பிள்ளை இல்லை. நாலைந்து வருடத்தில் வாடகை என்ற பேச்சே நின்றுபோனது. ஒப்பந்தம் என்று ஒரு தாளும் இல்லை. ஊரில் யார் வந்தாலும், வாய்வார்த்தையை நம்பாதீர்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவள் அவள்தான்.

பிறகு புருஷனுக்குச் சர்க்கரை நோய் வந்தது. முதலில் இடது கண், அடுத்து வலது கண். பக்கத்திலேயே படுத்து எழுந்த பெண்டாட்டிக்குத் தெரியவில்லை; நர்ஸம்மாதான் கண்டுபிடித்தார். டம்ளரை எடுக்க இவர் கை முதலில் மேஜையைத் தடவிவிட்டுப் போனதைப் பார்த்து, அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர்களைத் திட்டினார், இவரைத் திட்டினார், இவளையும் திட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. நான்கு வருடத்தில் முழு இருட்டு.

ஆனால் அந்த வீட்டுக்குள் அவருக்குக் கண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எந்தச் சுவருக்குள் எந்த வயர் ஓடுகிறது என்பது அவருக்கு மனப்பாடம். கட்டிலிலிருந்து குளியலறைக்கு எட்டு எட்டு. அங்கிருந்து அடுப்புக்கு ஐந்து. சாயங்காலம் நாலு மணிக்கு அவரே டீ போட்டு, தட்டில் வைத்து, பன்னிரண்டு படி ஏறி, திருப்பத்தில் இடுப்பை லேசாக வளைத்து, மாடியில் நர்ஸம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. ட்யூப்லைட் மாற்ற வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிவிட்டு, "எரியுதான்னு மட்டும் யாராவது சொல்லுங்க" என்று சிரிப்பார். வெளியே தெருவில் இறங்கினால் அதே மனிதர் பாதியாகிவிடுவார். அவள் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் தரையைக் காலால் தட்டிப் பார்த்து, வியர்த்து வழிவார். பத்து நிமிடம் நடந்தாலே, வீட்டுக்குப் போயிடலாமா என்பார்.

நர்ஸம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்துவிட்டு வந்தவர், மறுநாளே உயில் எழுத உட்கார்ந்தார். வக்கீலைக் கூப்பிடலாமே என்றதற்கு, நாற்பது வருடம் கேஸ் ஷீட் எழுதினவளுக்கு இது ஒரு பெரிய காரியமா என்றார். மாடி, தன் அண்ணன் மகனுக்கு. கீழ்வீடு, வயரிங்காரருக்கு. எழுதும்போதே தலைநிமிராமல் அவளிடம் சொன்னார்.

"உன் பேருக்கு எழுதலைன்னு நினைக்காதே. உனக்குக் கண்ணு இருக்கு, நீ எங்க வேணா இருந்துப்பே. அவனை வேற வீட்டுக்குக் கொண்டுபோனா செவுத்துல முட்டி முட்டியே செத்துடுவான்."

வயரிங்காரர் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்படியென்றால் ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம் என்று சிரித்தார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். இன்னொருவர் நர்ஸம்மாவோடு ஒரே வார்டில் வேலை பார்த்த தோழி. ஆள் நாலரை அடி; குள்ள சிஸ்டர் என்றுதான் பெயர். மருந்துக்கடைக்காரர் போட்டுவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று கிளம்பிப் போனார். குள்ள சிஸ்டருக்கு ஒரு வருடமாகக் கை நடுக்கம். தாளில் போடுவதற்கு முன்னால் பழைய பேப்பரின் ஓரத்தில் போட்டுப் பார்த்தார். கோடு மேலும் கீழும் குதித்தது. நர்ஸம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "இது என்னடி, கையெழுத்தா ஈ.சி.ஜி.யா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் இன்னொரு தடவை முயன்றார். அதுவும் அப்படித்தான் வந்தது.

சாட்சியக்காவுக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் கோணல்மாணலான கையெழுத்தால் எத்தனை பத்திரம் திரும்பி வந்திருக்கிறது என்று பார்த்தவள். சிஸ்டர் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கினாள்.

"குடுங்க சிஸ்டர். எழுத்து இப்படி இருந்தா நாளைக்கு எவனாவது கேள்வி கேப்பான். என் கையெழுத்தை இதுவரைக்கும் எந்த ஆபீஸும் திருப்பி அனுப்பினதில்ல."

இரண்டாவது சாட்சியாகப் போட்டாள். முழுப் பெயர், தேதி, விலாசம். விலாசம் எழுதும்போது, கீழ்த்தளம் என்றும் சேர்த்து எழுதினாள். எதையும் பாதியில் விடும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த உயில் பதினாலு மாதம் நர்ஸம்மாவின் இரும்பு அலமாரியில், பில்களுக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளுக்கும் நடுவே கிடந்தது. மாதம் ஒரு தடவை அவள்தான் அந்த அலமாரியைத் துடைத்தாள். அதில் எந்த ஒரு நாளிலும், நர்ஸம்மா இன்னொரு தாளில் அதையே எழுதி வேறு ஒருவரைப் போடச் சொல்லியிருந்தால் தீர்ந்தது. கால் மணி நேர வேலை.

நர்ஸம்மா ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு டீ கொண்டுபோன வயரிங்காரர்தான் முதலில் தெரிந்துகொண்டார். மூச்சுச் சத்தம் இல்லாததைக் கேட்டுவிட்டு, தட்டைச் சிந்தாமல் மேஜையில் வைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து அவளுக்குப் போன் செய்தார்.

துக்கமெல்லாம் ஓய்ந்து பத்து நாள் கழித்து, அவள் உயிலை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனாள். நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறை. பத்து வருடமாக அந்த அம்மாளின் கேஸ் கட்டுகளுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பவள் இவள். வீட்டைப் புருஷன் பேருக்கு மாற்ற என்னென்ன தாள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். வக்கீலம்மா முதல் பக்கத்தைப் படித்து, கையெழுத்து என்னமாய் இருக்கிறது, இந்த மாதிரித் தெளிவாக வக்கீல்கூட எழுத மாட்டான் என்று மெச்சினார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். திருப்பிய கை அப்படியே நின்றது.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"வீடு எழுதி வெச்சிருக்கறது உங்க வீட்டுக்காரருக்கா?"

"ஆமா."

வக்கீலம்மா மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்ட செய்தி சொல்லும்போது அவர் அப்படிச் செய்வார் என்பதை அவள் பத்து வருடத்தில் கவனித்திருந்தாள்.

சொன்னது இவ்வளவுதான். நர்ஸம்மா கிறிஸ்தவர்; அவர்களுக்கான வாரிசுச் சட்டப்படி, உயிலுக்குச் சாட்சி போடுகிறவருக்கு அந்த உயிலால் எந்த லாபமும் இருக்கக் கூடாது. சாட்சியின் புருஷனுக்கோ பெண்டாட்டிக்கோகூட. மீறி எழுதியிருந்தால், உயில் செல்லும்; அந்த ஒரு பங்கு மட்டும் செல்லாது. மாடி அண்ணன் மகனுக்குப் போகும். கீழ்வீடு யாருக்கும் எழுதாததுபோல் ஆகும். யாருக்கும் எழுதாதது அடுத்த ரத்த சொந்தத்துக்குப் போகும். அதுவும் அண்ணன் மகன்தான்.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு, நான் பொய் சொல்லவில்லையே, எல்லாம் என் கண்ணெதிரில்தானே நடந்தது என்றாள். பொய் என்று யாரும் சொல்லவில்லை என்றார் வக்கீலம்மா.

"அந்த அறையில வேற யாராவது இருந்தாங்களா, உங்களுக்குப் பதிலா போட்டிருக்கக் கூடியவங்க?"

அவள் தாளை மடித்து உறையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை வந்த வக்கீலம்மா, அண்ணன் மகன் நல்ல மனதோடு விட்டுக்கொடுத்தால் ஒரு வழி உண்டு, கேட்டுப் பாருங்கள் என்றார்.

அன்றைக்கு வயரிங்காரர், வக்கீல் என்ன சொன்னாங்க என்று கேட்டபோது, ஏதோ ஒரு தாள் குறைகிறதாம் என்றாள். இருபது வருடத்துக்கும் மேலான குடித்தனத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது என்று சொல்ல முடியாது. ஆனால் மற்றப் பொய்களெல்லாம் பண்டத்தின் விலை பற்றியும் மருந்தின் கசப்பு பற்றியும்தான்.

மறுநாள் கடையில் அவள் முகத்தைப் பார்த்தே பத்திர எழுத்தர் விஷயத்தைக் கறந்துவிட்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதராக இருந்ததால்தான் அந்த யோசனை அவருக்குத் தோன்றியது. உயில் பதிவாகவில்லை. அசல் இவள் கையில். உங்கள் கையெழுத்துக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

"அந்த சிஸ்டர் அன்னைக்கு அங்க இருந்தாங்கதானே? பார்த்தாங்கதானே? இப்ப போட்டுட்டா ஆச்சு. சாட்சி மூணாயிடும். உங்களை எடுத்துட்டாக்கூட ரெண்டு மிச்சம் இருக்கும். உங்களுது அதிகப்படின்னு போயிடும்."

"அன்னைக்குத் தேதி போட்டா?"

"இன்னைக்குத் தேதியா போடுவாங்க?" என்று அவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இதே யோசனையை வேறு யாராவது வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் அவள் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பாள். அன்று மத்தியானம்வரை நகல் எடுத்தாள். இரண்டு பேர் சாட்சிக்குக் கூப்பிட வந்தார்கள், மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது, இன்றைக்கு வர முடியாது என்று அனுப்பிவிட்டாள். மெஷினில் ஒன்றும் சிக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டு, உறையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். சிஸ்டர் இருந்தார்கள். அது பொய்யில்லை. பார்த்தார்கள். அதுவும் பொய்யில்லை. பேனாவைக் கையில்கூட எடுத்தார்கள். அன்றைக்கே நடந்திருக்க வேண்டியது பதினாலு மாதம் கழித்து நடக்கிறது, வேறென்ன. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கியபோது எல்லாமே சரியாகத்தான் இருந்தது. அந்தக் காரில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் மகனும் இதே மாதிரிதான் வரிசையாகக் காரணம் சொன்னான்.

குள்ள சிஸ்டர் மகள் வீட்டில் பின்கட்டு அறையில் இருந்தார். விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பேனாவைக் கொண்டுவரச் சொன்னார். சட்டம் என்ன, சாமானியன் வயிற்றில் அடிக்கத்தானா என்றார். என் தோழி செத்துப்போனாள், அவள் சொன்னதை நடத்திக் கொடுப்பதுதான் முறை, இதில் என்ன பாவம் என்றார். நடுக்கத்துக்கு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகிறது, இப்போது கை நன்றாக இருக்கும் என்று விரல்களை விரித்துக் காட்டினார். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. தாளை மடியில் ஒரு அட்டைமேல் வைத்துக்கொண்டார். பேனா மூடியைக் கழற்றினார்.

நாற்பது வருடம் வார்டில் எதைக் கொடுப்பதற்கு முன்னாலும் சீட்டை இன்னொரு தடவை பார்த்துப் பழகியவர். அந்தப் பழக்கத்தில்தான் கேட்டார்.

"ஏம்மா, இதுக்கு வேற காப்பி ஏதாவது எடுத்திருக்கியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தாள்.

எடுத்திருந்தாள். நர்ஸம்மா போன மூன்றாம் நாள், கடையைத் திறந்த முதல் வேலையாக அதைத்தான் செய்தாள். ஐந்து பிரதி, கறுப்புக் கறை இல்லாமல், ஓரம் நேராக. ஒன்று அண்ணன் மகனுக்கு. அவர் வெளியூர்க்காரர், கசங்கிவிடுமே என்று லேமினேட் செய்து, துக்கத்துக்கு வந்தவர் கையில் அவளே கொடுத்தாள். இரண்டு பக்கமும், இரண்டு சாட்சியும், கண்ணாடி மாதிரி. அவர்கூட, எவ்வளவு நீட்டா பண்ணியிருக்கீங்க அக்கா என்றார். அதை அவள் மறக்கவில்லை. நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை செய்கிற காரியம். மூச்சு விட்டதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

சிஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடினார். தாளை அவளிடமே நீட்டினார்.

"அன்னைக்கு நான் போட்டிருப்பேனேம்மா," என்றார் மெதுவாக. "கோணலா இருந்திருக்கும். போட்டிருப்பேன்."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். மகள் கொண்டுவந்து வைத்த டீயைக் குடிக்காமல் அவள் எழுந்து வந்துவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வீட்டு நிறுத்தம் தாண்டிப் போனபிறகுதான் எழுந்தாள்.

அன்றே புருஷனிடம் சொன்னாள். அவர் அப்போது குழாயடியில் தன் சட்டையைத் தானே அலசிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தினார். முழுதும் கேட்டார். சட்டையைப் பிழிந்தார், உதறினார், மூன்று எட்டு வைத்துக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சமன் செய்தார்.

"நீ ஏன் போட்டே?" என்றார்.

"கையெழுத்து நல்லா இருக்கணும்னுதாங்க."

அவர் சிரித்தார். ட்யூப்லைட் மாட்டிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மிச்சமிருந்தது அண்ணன் மகன்தான். அவருக்குப் போன் செய்து வரச் சொன்னாள். எதையும் மறைக்காமல், வக்கீலம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். அவராகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் அந்த மனம் இளகும் என்று ஒரு கணக்கு. அவர் அயோக்கியன் இல்லை. எங்கேயோ ஒரு கம்பெனியில் கிடங்கு மேற்பார்வை, இரண்டு பெண்பிள்ளைகள், அவரும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். நீங்களே சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது அக்கா என்று கலங்கினார். வீடு வேண்டாம், இவர் இருக்கிறவரைக்கும் இங்கே இருந்துகொள்ளட்டும், அதை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்று போனார். போகும்போது வயரிங்காரர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஒரு வாரம் கழித்து வந்தார். உட்காரவில்லை.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும். மாடியை மட்டும் தனியா யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. முழுசா, காலியா இருந்தாத்தான் கேக்கறாங்க. அத்தை ஆசைப்பட்டது எனக்கும் தெரியுது. ஆனா சட்டப்படி வந்ததை வேண்டாம்னு சொன்னா, என் வீட்ல என்னை மனுஷனாவே மதிக்க மாட்டாங்க."

மூன்று மாதம் தவணை கொடுத்தார். எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள்.

கடை நடந்துகொண்டுதான் இருந்தது. சாட்சிக்கும் கூப்பிடத்தான் செய்தார்கள். போனாள், போட்டாள், முன்போலவே முழுப் பெயர், தேதி, விலாசம். புதிதாக ஒரு பழக்கம் மட்டும் சேர்ந்தது. உயில் என்று தெரிந்தால், இன்னொரு சாட்சியைப் பார்த்து, இதில் உங்களுக்கோ உங்கள் வீட்டுக்காரருக்கோ ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்பாள். உங்களுக்கு எதற்கு அதெல்லாம் என்று சிலர் முறைப்பார்கள். ஒரு மருமகள் மட்டும் பதறிப்போய்ப் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் பேருக்குத்தான் தோட்டம் முழுதும். அவர்கள் வேறு ஆளைக் கூட்டிவந்தார்கள். போகும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதைக் கண்டு பத்திர எழுத்தர், பாருங்கக்கா, ஒரு குடும்பத்தைக் காப்பாத்திட்டீங்க என்றார். அவள் மெஷினுக்குப் பேப்பர் போட்டாள்.

கிடைத்த வீடு, கடையிலிருந்து நடக்கிற தூரம். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. குளியலறை, வெளியே ஒரு நடை தாண்டி. தரை ஒரே சீராக இல்லை, நடுவில் ஒரு கல் உயர்ந்திருந்தது. ஸ்விட்ச் எல்லாம் கதவுக்குப் பின்னால். குடிவந்த அன்று வயரிங்காரர் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்து, எவன் போட்ட வயரிங் இது என்று கேட்டார். அதுதான் அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரே விமர்சனம். அவள் கட்டில் காலிலிருந்து நடைக் கதவுவரை ஒரு நைலான் கயிறு கட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு போய்வரப் பழகினார். இரண்டு தடவை அந்தக் கல்லில் தடுக்கினார். நெற்றியில் ஒரு காயம், முழங்காலில் ஒன்று. அடுப்புப் பக்கம் போகவே இல்லை. நாலு மணி வந்தால் மட்டும் கொஞ்சம் அசைந்து உட்காருவார்.

குடிவந்த மூன்றாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். அவர் அறையின் நடுவே நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் கொஞ்சம் விரிந்து, எதையும் தொடாமல். பத்தடிக்குப் பத்தடி அறை. எந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தாலும் ஏதாவது ஒன்று தட்டுப்படும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க, ஏன் இங்க நிக்கிறீங்க?"

சீப்பு கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தேன், கயிறு கைவிட்டுப்போனது என்றார். அப்புறம் எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"நீ போன கொஞ்ச நேரத்துலேர்ந்து."

அவள் காலையில் ஒன்பது மணிக்குப் போனவள். அவர் கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். கால்கள் மரத்துப்போய் இருந்தன, தேய்த்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவள் வாங்கி வைத்தாள்.

"நாளையிலிருந்து போகும்போது என்னை நாற்காலியில உக்கார வெச்சுட்டுப் போம்மா," என்றார். "எந்திரிக்க மாட்டேன்."

மறுநாள் காலை நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, அவரை உட்காரவைத்து, பக்கத்து ஸ்டூலில் தண்ணீரும் ரேடியோவும் வைத்து, அவர் கையை எடுத்து இரண்டையும் தொட்டுக் காட்டிவிட்டுக் கடைக்குப் போனாள். மத்தியானம் வந்து பார்த்தாள். அதற்கு அடுத்த நாளும் பார்த்தாள். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல்லை அவர் மீறவில்லை.